தண்ணீர்க் கணக்கும் புகைக் கணக்கும்: ஆலைகள் எப்படி அளக்கின்றன, எப்படி எழுதுகின்றன

“நாளொன்றுக்கு 36 கிலோலிட்டர் தண்ணீர் எடுக்கிறோம்” என்று ஓர் ஆலை எழுதிக் கொடுக்கிறது. அந்த 36 எங்கிருந்து வந்தது? மீட்டரைப் பார்த்து எழுதியதா, மோட்டார் ஓடிய நேரத்தைப் பெருக்கிப் போட்டதா, போன வருடத் தாளைப் பார்த்துத் திருப்பி எழுதியதா? இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. தண்ணீர்க் கணக்கையும் உமிழ்வுக் கணக்கையும் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வாய்பாடுகளுக்குப் போகும் முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: இந்த எண் எந்த இடத்தில், எதைக் கொண்டு அளந்தது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் அனல்மின் நிலையமோ இரும்பு உருக்காலையோ இல்லை. இங்கே இருப்பவை ரப்பர் பாலைச் செனெக்ஸ் (செறிவூட்டிய ரப்பர் பால்) ஆக்கும் ஆலைகள், ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைகள், அண்டி ஆபீஸ்கள் என்று நாம் சொல்லும் முந்திரிக்கொட்டை ஆலைகள், கடலோரத்து மீன் பதப்படுத்தும் கூடங்கள், ஐஸ் ஆலைகள், கயிறு ஆலைகள், செங்கல் சூளைகள். ஒவ்வொன்றும் சிறியதுதான். ஆனால் வீட்டு மதிலும் ஆலை மதிலும் ஒட்டி நிற்கும் ஊர்கள் இவை. ஆலைக்குப் பின்னால் ஓடுகிற ஓடை கொஞ்ச தூரத்தில் ஒரு குளத்திலோ, பழையாற்றிலோ, குழித்துறைத் தாமிரபரணியிலோ சேர்ந்துவிடும். அதனால் சிறிய ஆலையின் கணக்கும் சரியாக இருந்தாக வேண்டும்.

எடுத்தது, விட்டது, தீர்ந்தது

தண்ணீர்க் கணக்கில் மூன்று சொற்கள் உண்டு. ஆலைக்குள் வந்த தண்ணீர் மொத்தமும் எடுப்பு. ஆலையை விட்டு வெளியே போன தண்ணீர் வெளியேற்றம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது நுகர்வு. அதாவது ஆவியாகிப் போனது, பொருளோடு சேர்ந்து போனது, இந்த இடத்துக்குத் திரும்பி வராதது. ஐஸ் ஆலையில் நுகர்வு மிக அதிகம், ஏனென்றால் எடுத்த தண்ணீரே சரக்காக லாரியில் ஏறிப் போகிறது. ரப்பர் ஆலையில் நுகர்வு குறைவு, பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பி வரும். அளவு எப்போதும் கிலோலிட்டரில்: 1,000 லிட்டர் ஒரு கிலோலிட்டர், அதுவே ஒரு கன மீட்டர்.

எடுப்பை மொத்தமாக ஒரே எண்ணில் எழுதினால் போதாது. கிணறு, போர்வெல் ஒரு வரி. ஆறு, கால்வாய், குளம் இன்னொரு வரி, கூரையிலிருந்து தொட்டியில் சேர்த்த மழைநீரும் இதில் சேரும். தண்ணீர் லாரியிலோ குடிநீர்க் குழாயிலோ வாங்கியது மூன்றாவது வரி. கடல்நீர் நான்காவது. நிறுவனங்கள் தண்ணீர் அறிக்கை எழுத உலக அளவில் பயன்படுத்தும் ஜிஆர்ஐ 303 என்ற தரநிலை, கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை உள்ளதை நன்னீர் என்றும், அதற்கு மேல் உள்ளதைத் தனியாகவும் காட்டச் சொல்கிறது. கடலோரத்தில் ஒரே போர்வெல் மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் உப்பாகவும் மாறக்கூடும். அதனால் கடலோர ஆலைகள் மாதம் ஒருமுறையாவது டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவைப் பார்த்து எழுதி வைப்பது நல்லது.

ஐந்தாவது வரி ஒன்று இருக்கிறது, பலர் தவறவிடுவது. மூலப்பொருளோடு உள்ளே வரும் தண்ணீர். நம் ரப்பர் ஆலைகளில் இதை விட்டுவிட்டால் கணக்கு நிற்காது.

கணக்குக்காக ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 20 டன் ரப்பர் பால் வருகிறது, டிஆர்சி (பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் பங்கு) 33 சதவீதம். அப்படியானால் அதில் உலர்ந்த ரப்பர் 6.6 டன்தான். அந்த ரப்பர் முழுவதும் 60 சதவீதச் செனெக்ஸாகப் போகிறது என்று எளிமைக்காக வைத்தால் 11 டன் செனெக்ஸ் கிடைக்கும். 20 டன் உள்ளே வந்தது, 11 டன் வெளியே போனது. மிச்சம் 9 டன் எங்கே? ஏறக்குறைய முழுவதும் தண்ணீர், அது கழிவுநீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. அதாவது எந்த மீட்டரிலும் ஏறாமல், மரத்திலிருந்து வடிந்த பாலோடு, தினமும் 9 கிலோலிட்டர் ஆலைக்குள் நுழைகிறது.

ஷீட் கொட்டகையிலும் இதே கதைதான். பாலை 12.5 சதவீதத்துக்கு நீர்த்து ஆசிட் விட்டு உறைய வைப்பது வழக்கம். ஒரு கிலோ ஷீட்டுக்கு 8 லிட்டர் நீர்த்த பால் வேண்டும், ரப்பர் போக ஏறக்குறைய 7 லிட்டர் புளித்த நீர் டிஷ்ஷிலிருந்தும் உருளையிலிருந்தும் வடியும். கழுவும் தண்ணீர் அதற்கு மேல்.

இப்போது நம் ஆலையின் நாள் கணக்கு: போர்வெல் 36, பாலோடு வந்தது 9, ஆக 45 கிலோலிட்டர். கழிவுநீர் வெளியேறும் மீட்டர் 38 காட்டுகிறது. ஆவியானது, தோட்டத்துக்கு விட்டது எல்லாம் சேர்த்து 5. விளக்கம் இல்லாமல் நிற்பது 2 கிலோலிட்டர், 4.4 சதவீதம். மீட்டர்களின் பிழையை வைத்துப் பார்த்தால் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. விளக்கமில்லாத பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ குழாய் கசிகிறது, அல்லது மீட்டர் தவறு, அல்லது கணக்கில் வராத ஒரு வாய் எங்கோ திறந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். பாலோடு வந்த 9-ஐ விட்டுவிட்டு எழுதும் ஆலை 36 எடுத்து 38 விட்டதாகக் காட்டும். அதைப் பார்க்கும் அதிகாரிக்கு ஆலை பொய் சொல்வதாகத் தோன்றும், ஆனால் பிழை கணக்கு எழுதிய விதத்தில் மட்டுமே.

மீட்டர், பீப்பாய், வி-நாட்ச்

போர்வெல் குழாயில் வைக்க எளியது இறக்கை சுழலும் மெக்கானிக்கல் மீட்டர். மணலும் இரும்புத் துருவும் வரும் கிணறுகளில் அதன் இறக்கை தேய்ந்து, காட்டும் அளவு மெல்லக் குறையும். கழிவுநீருக்கு இது ஆகாது. ரப்பர் துணுக்கு ஒன்று சிக்கினாலே நின்றுவிடும். அங்கே எலெக்ட்ரோமேக்னெடிக் மீட்டர் வேண்டும், அதற்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த விலை உயர்ந்த மீட்டரும் இரண்டு காரியத்தில் பிடிவாதம் பிடிக்கும். முதலாவது, குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓட வேண்டும். மீட்டர் நீரின் வேகத்தைத்தான் அளக்கிறது. அந்த வேகத்தைக் குழாயின் முழுப் பரப்போடு பெருக்கி அளவு சொல்கிறது. தொட்டிக்குச் சாய்ந்து இறங்கும் குழாயில் பாதிதான் தண்ணீர் ஓடுகிறது என்றால் மீட்டர் முழுக் குழாய்க்கும் கணக்குப் போட்டுவிடும், எண் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். இதற்குத் தீர்வு எளிது: தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும் செங்குத்துக் குழாயில் மீட்டரை வைப்பது, அல்லது குழாயை ‘யு’ போலத் தாழ்த்தி அந்தத் தாழ்வில் வைப்பது. இரண்டாவது, மீட்டருக்கு முன்னும் பின்னும் நேர்க்குழாய் வேண்டும். பொதுவாக முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு வைத்தால் எந்த வகை மீட்டருக்கும் பெரும்பாலும் போதும். 100 மில்லிமீட்டர் குழாய் என்றால் முன்னால் ஒரு மீட்டர், பின்னால் அரை மீட்டர். பம்பின் வாயிலேயே, முழங்கை வளைவை ஒட்டியே மீட்டரைப் பொருத்தினால் தண்ணீர் சுழன்றுகொண்டு வரும், எண் கூடும் குறையும், எதையும் நம்ப முடியாது.

மீட்டர் இல்லாத இடத்தில் மோட்டார் ஓடிய நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இது தவறில்லை, ஆனால் ஒருமுறை அளந்ததை வருடம் முழுதும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு. 200 லிட்டர் பீப்பாயைக் குழாய் வாயில் வைத்துக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். 50 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 4 லிட்டர், மணிக்கு 14.4 கிலோலிட்டர். அதே மோட்டார், நீர்மட்டம் இறங்கிய ஏப்ரலில் 80 விநாடி எடுத்துக்கொண்டால் மணிக்கு 9 கிலோலிட்டர்தான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் உண்டு என்பதால் கிணற்று மட்டம் வருடத்தில் இருமுறை ஏறி இறங்கும். ஆகவே இந்தப் பீப்பாய்ச் சோதனையை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும்.

திறந்த வாய்க்காலில் ஓடும் கழிவுநீருக்கு மலிவான, நல்ல கருவி வி-நாட்ச். வாய்க்காலின் குறுக்கே ஒரு தகடு, அதன் நடுவில் 90 பாகையில் ‘வி’ வடிவ வெட்டு. வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று பார்த்தால் ஓட்டம் தெரியும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் 2.5 அடுக்கை 1.38-ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 4.4 லிட்டர், மணிக்கு 15.7 கிலோலிட்டர். 11 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 5.5 லிட்டர். ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் ஓட்டத்தில் 27 சதவீதப் பிழை!

அந்தச் சென்டிமீட்டர் எப்படித் தவறுகிறது என்றும் பார்க்க வேண்டும். தகட்டை நெருங்கும்போது தண்ணீர் மட்டம் வளைந்து தாழும். அளவுகோலைத் தகட்டிலேயே ஒட்டி வைத்தவர்கள் அந்தத் தாழ்ந்த மட்டத்தைப் படிக்கிறார்கள், ஓட்டம் உண்மையைவிடக் குறைந்து தெரிகிறது. அளவுகோல் தகட்டிலிருந்து தண்ணீர் உயரத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு தூரம், தண்ணீர் வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். பூச்சியம் வெட்டின் அடிமுனை மட்டத்தில் இருக்க வேண்டும், வாய்க்காலின் தரையில் அல்ல. வெட்டில் ஒட்டிய ரப்பர்த் துணுக்கையும் பாசியையும் தினமும் துடைக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே தண்ணீர் தடையின்றிக் கொட்ட வேண்டும், கீழ்நீர் ஏறி வெட்டைத் தொட்டால் வாய்பாடு செல்லாது.

மழை இன்னொரு தொல்லை. ஆலை முற்றத்து மழைநீர் கழிவுநீர் வாய்க்காலில் கலந்தால் ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் வெளியேற்றம் எடுப்பைத் தாண்டும். மழைநீருக்குத் தனி வாய்க்கால் வெட்டாத ஆலையின் வருடக் கணக்கை மழை மாதங்களை விலக்கிவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

அளவு தெரிந்தால் போதாது, தரமும் வேண்டும்

கழிவுநீரில் அளக்கிற முக்கியமான எண் பிஓடி. நுண்ணுயிர்கள் அந்த நீரிலுள்ள அழுக்கைத் தின்னும்போது எவ்வளவு பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன என்பதே அது. இந்தியாவில் 27 பாகை செல்சியஸில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறார்கள். சிஓடி என்பது அதே அழுக்கை இரசாயனத்தால் எரித்துப் பார்ப்பது, சில மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். மத்திய அரசின் பொதுத் தர அளவுப்படி ஆற்றிலோ குளத்திலோ விடும் நீரில் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 5.5-க்கும் 9-க்கும் இடையில் நிற்க வேண்டும். நிலத்தில் பாசனத்துக்கு விட்டால் பிஓடி 100 வரை அனுமதி. சில தொழில்களுக்குத் தனி அளவும் உண்டு. ஆலைக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் எழுதியிருப்பதே அந்த ஆலையைக் கட்டுப்படுத்தும்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான பிழைகள். செனெக்ஸ் ஆலையில் பாலைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜை சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுவார்கள். அந்தக் கழுவுநீரில் அம்மோனியா இருக்கும், பிஎச் ஏறியிருக்கும். செனெக்ஸ் பிரித்த பின் மிஞ்சும் ஸ்கிம் பாலைக் கந்தக அமிலம் விட்டு உறைய வைக்கும் தொட்டியைத் திறந்த நேரத்தில் பிஎச் தடாலென்று விழும், சிஓடி பல மடங்கு உயரும். காலை பத்து மணிக்கு ஒரு புட்டி எடுத்துப் போனால், அது எந்த நேரத்துத் தண்ணீர் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீரை அளக்க, மணிக்கு ஒரு முறை ஓட்டத்தின் அளவுக்கேற்ப எடுத்து ஒன்றாகக் கலந்த மாதிரி வேண்டும். புட்டியை உடனே ஐஸ் பெட்டியில் 4 பாகை அளவில் வைக்க வேண்டும். வெயிலில் வண்டியின் பின்னிருக்கையில் கிடந்த புட்டியில் நுண்ணுயிர்கள் வழியிலேயே வேலையைத் தொடங்கிவிடும், ஆய்வகத்தில் பிஓடி குறைந்து வரும். எண்ணெய்ப் பிசுக்குக்குத் தனிக் கண்ணாடிப் புட்டி, ஏனென்றால் பிளாஸ்டிக்கின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டத்தையும் தரத்தையும் ஏன் இரண்டையும் கேட்கிறார்கள்? பிஓடி 60 வரும் 38 கிலோலிட்டர் நீரில் அழுக்கு 2.28 கிலோ. அதோடு நல்ல கிணற்று நீர் 38 கிலோலிட்டரைக் கலந்துவிட்டால் பிஓடி 30 ஆகிவிடும், தாளில் தேறிவிடும். ஆனால் 76 கிலோலிட்டரில் உள்ள அழுக்கு அதே 2.28 கிலோ. குளத்துக்குப் போனது ஒரு கிராம்கூடக் குறையவில்லை, கிணற்று நீர்தான் வீணானது. இதைப் பிடிக்க ஒரே வழி கிலோ கணக்கு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமான ஈடிபிக்கு வைத்த தனி மின் மீட்டரும் இதுபோல ஒரு நல்ல சாட்சி. காற்று ஊதும் இயந்திரம் ஓடாத மாதத்தில் சுத்திகரித்த நீர் வந்திருக்க முடியாது.

புகைக்கு இரண்டு ஏடுகள்

உமிழ்வு என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு கணக்குகள் அடங்கியிருக்கின்றன. தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் பக்கத்து வீட்டுக்காரரின் மூச்சைத் தொடுபவை. இவை 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவை பூமியைச் சூடாக்குபவை, அவற்றை நிறுவனங்கள் தனி ஏட்டில் எழுதுகின்றன. முதலாவதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் அளப்பதில்லை, எரித்த எரிபொருளிலிருந்து கணக்கிடுகிறார்கள்.

அண்டி ஆபீஸின் கொதிகலனில் அண்டித் தோட்டையே எரிக்கும்போது தோட்டின் எண்ணெய் சரியாக எரியாவிட்டால் கண்ணைக் கரிக்கும் புகை வரும். அதை அளக்கப் புகைபோக்கியில் துளை வேண்டும். கீழே உள்ள வளைவிலிருந்து புகைபோக்கி விட்டத்தின் 8 மடங்கு மேலே, உச்சியிலிருந்து 2 மடங்கு கீழே இருக்கும் இடமே சரியானது, ஏறி நிற்க உறுதியான மேடையும் வேண்டும். உள்ளே புகை எந்த வேகத்தில் ஏறுகிறதோ அதே வேகத்தில் கருவி உறிஞ்ச வேண்டும். மெதுவாக உறிஞ்சினால் காற்று விலகிப் போகும், கனமான தூசி நேரே வந்து விழும், அளவு கூடிக் காட்டும். வேகமாக உறிஞ்சினால் குறைத்துக் காட்டும். கதவைத் திறந்து வெளிக்காற்றைக் கலந்தாலும் அளவு குறையும். இது கழிவுநீரில் கிணற்று நீர் கலப்பதைப் போன்றதே. அதனால்தான் கொதிகலன் புகையைக் கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதம் இருப்பதுபோல் திருத்தி எழுதுகிறார்கள். அளந்தபோது 6 சதவீதம்தான் இருந்தது என்றால் தூசி எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும்.

கார்பன் ஏட்டுக்கு உலகம் முழுவதும் பயன்படுவது 2001-இல் வெளியான கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால். ஆலை வளாகத்துக்குள் எரித்ததும் கசிந்ததும் ஸ்கோப் 1. வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2. பால் கொண்டுவந்த வண்டி, வாங்கிய அமிலம், விற்ற பொருளின் பின்வாழ்க்கை எல்லாம் ஸ்கோப் 3. முதல் இரண்டுக்குப் பில்லும் லாக் புத்தகமும் இருந்தால் ஒரு நாளில் கணக்குப் போட்டுவிடலாம். டீசல் ஒரு லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு அண்மை ஆண்டுகளில் 0.72 கிலோ அளவில். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணைப் புதுப்பித்து வெளியிடுகிறது, எந்த ஆண்டின் எண்ணை எடுத்தோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

விறகில் ஒரு நுட்பம் உண்டு. நம் மாவட்டத்தில் ரப்பர் மரம், தென்னம்பட்டை, அண்டித் தோடு எரிக்காத ஆலை குறைவு. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் எரியும்போது திரும்பிப் போகிறது என்பதால் அந்தக் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப் 1-இல் சேர்ப்பதில்லை. அதற்காக எழுதாமல் விட்டுவிடவும் கூடாது, தனி வரியில் காட்ட வேண்டும். ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் எண்களின்படி ஒரு டன் விறகுக்கு அந்தத் தனி வரியில் சுமார் 1.75 டன். எரியும்போது வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப் 1-இல் ஏறும், கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொன்னால் டன்னுக்குச் சுமார் 30 கிலோ. மழைக்காலத்து ஈர விறகு எடையில் கூடும், சூட்டில் குறையும். எடைச் சீட்டோடு ஈரப்பதத்தையும் குறிக்காவிட்டால் இந்தக் கணக்கு தள்ளாடும்.

மீன் கூடங்களில் குளிர்விக்கும் வாயுவைக் கவனியுங்கள். அம்மோனியாவில் ஓடும் குளிர்சாதனத்துக்குக் கார்பன் ஏட்டில் பூச்சியம், ஆனால் கசிந்தால் ஆட்களுக்கு ஆபத்து. ஆர்-404ஏ வாயுவில் ஓடுவது அதற்கு நேர் எதிர். ஒரு கிலோ கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறக்குறைய 3,900 மடங்கு. மெக்கானிக் வந்து வருடத்தில் 10 கிலோ நிரப்பினார் என்றால் 10 கிலோ கசிந்திருக்கிறது என்றே பொருள், 39 டன். அவ்வளவு கார்பனை வெளிவிட 14,500 லிட்டர் டீசல் எரிக்க வேண்டும்! மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் பில்லில் “கேஸ் சார்ஜிங்” என்று மட்டும் இல்லாமல் எந்த வாயு, எத்தனை கிலோ என்றும் எழுதி வாங்குங்கள்.

ஆலைக்குப் பின்னால் இருக்கும் குளம்

தண்ணீர் ஏடும் கார்பன் ஏடும் ஒன்றை ஒன்று தொடும் இடம் இது, நம் ரப்பர் ஆலைகளில் மிகப் பெரிய எண்ணும் இதுவே. மண்ணில் வெட்டிய ஆழமான குளத்தில் கழிவுநீரைத் தேக்கினால் அடியில் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் கிளம்பும். ஊரார் புகார் சொல்வது அழுகிய முட்டை நாற்றத்தைப் பற்றி. ஸ்கிம்முக்கு விட்ட கந்தக அமிலத்தின் கந்தகம் அங்கே ஹைட்ரஜன் சல்பைடாக மாறுவதுதான் அந்த நாற்றம். மீத்தேனுக்கு மணமே இல்லை, அதனால் யாரும் அதைக் கேட்பதில்லை.

கணக்கு இப்படி. 38 கிலோலிட்டர், சிஓடி லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்தால் நாளுக்கு 190 கிலோ சிஓடி. ஒரு கிலோ சிஓடியிலிருந்து அதிகபட்சம் 0.25 கிலோ மீத்தேன் வரும் என்கிறது ஐபிசிசி. இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமான குளம் என்றால் அதில் 80 சதவீதம் என்று கொள்ள வேண்டும். 190-ஐ 0.25-ஆலும் 0.8-ஆலும் பெருக்கினால் 38 கிலோ மீத்தேன். மீத்தேனின் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் 28 மடங்கு. ஆக கார்பன் டை ஆக்சைடு கணக்கில் நாளுக்கு 1,064 கிலோ, 280 வேலை நாளுக்கு ஏறக்குறைய 298 டன்.

அதே ஆலை வருடத்துக்கு 3 லட்சம் யூனிட் மின்சாரம் எடுத்தால் 216 டன். ஜெனரேட்டருக்கு 3,000 லிட்டர் டீசல் 8 டன். பில் வருகிற இரண்டையும் கூட்டினாலும் பில் வராத குளத்தை எட்டவில்லை. குளம் இரண்டு மீட்டருக்குக் குறைவான ஆழம் என்றால் 80 சதவீதம் 20 ஆகும், 298 டன் 74 டன்னாகும். மூடிய தொட்டியில் வாயுவைப் பிடித்து எரித்தால் இன்னும் குறையும், கொதிகலனுக்கு விறகும் மிச்சம். ஆகவே குளத்தின் ஆழம், உள்ளே வரும் நீரின் சிஓடி, அள்ளிய சேற்றின் அளவு இவற்றை எழுதி வைக்காத ஆலையின் கார்பன் கணக்கு எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் அரைக் கணக்குதான்.

மின்சாரம் பற்றி ஒரு தவறான எண்ணமும் இங்கே பரவலாக உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஜன்னலைத் திறந்தால் காற்றாலைதான் தெரிகிறது, நம் கரண்ட் காற்றுக் கரண்ட் அல்லவா என்று கேட்கிறார்கள். அல்ல. காற்றாலை மின்சாரமும் நிலக்கரி மின்சாரமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. அந்தக் கம்பியின் சராசரியை எடுக்கும் ‘இடம் சார்ந்த’ முறையில் எல்லோருக்கும் அதே 0.72. சொந்தக் காற்றாலையிலிருந்தோ ஒப்பந்தம் வழியாகவோ அந்த யூனிட்டுகளை வாங்கி, அதன் பசுமைச் சான்றிதழை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருந்தால், யாரிடம் வாங்கினோம் என்று பார்க்கும் ‘சந்தை சார்ந்த’ முறையில் மட்டும் அந்த அளவைப் பூச்சியமாகக் காட்டலாம். கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகாலுக்கு 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டுதல் இரண்டு முறையிலும் எழுதச் சொல்கிறது.

யாரிடம், எப்போது

வாரியத்தின் இசைவாணை பெற வேண்டிய ஆலைகள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிவம் 5-இல், செப்டம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 14-ஆம் விதி இது. அதில் தண்ணீரைத் தயாரிப்பு, குளிர்வித்தல், வீட்டு உபயோகம் என்று பிரித்து எழுத வேண்டும். ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு என்று போன ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அழுக்கைக் கிலோவிலும் லிட்டருக்கு மில்லிகிராமிலும் காட்டி, அளவு மீறியிருந்தால் காரணமும் சொல்ல வேண்டும். மிக அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு 2014 முதல் இடைவிடாத இணையக் கண்காணிப்புக் கருவியும் கட்டாயம்.

பங்குச்சந்தையில் உள்ள, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் தண்ணீரையும் உமிழ்வையும் கட்டாயமாக எழுதுகின்றன. நம் ஊர் ஆலைக்கு இது நேரடியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் செனெக்ஸ் வாங்கும் கையுறை நிறுவனமோ, ஷீட் வாங்கும் டயர் நிறுவனமோ தன் அறிக்கைக்காக ஒரு எக்செல் தாளை அனுப்பி எண்களைக் கேட்கும். கேட்ட அன்று தேடினால் கிடைக்காது. மின் பில்கள், டீசல் லாக், எடைச் சீட்டு, ஆய்வகச் சான்று எல்லாம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரே ஆண்டுக்குரியவையாக இருக்க வேண்டும். பழுதான மீட்டரை மாற்றும் நாளில் பழையதின் கடைசி எண்ணையும் புதியதின் முதல் எண்ணையும் படமெடுத்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த மாதத்து அளவு பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவே காணாமல் போய்விடும்.

இத்தகைய அறிக்கையைப் படிக்கிறவர்கள் ஒரு வரியில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. விற்பனைக்கு இத்தனை தண்ணீர் என்ற வரி அது. நம் ஆலை போர்வெல்லிலிருந்து ஆண்டுக்கு 10,080 கிலோலிட்டர் எடுத்து 40 கோடி ரூபாய்க்கு விற்றால் கோடிக்கு 252 கிலோலிட்டர். அடுத்த ஆண்டு ரப்பர் விலை ஏறி அதே சரக்கு 50 கோடிக்குப் போனால் கோடிக்கு 202 ஆகிவிடும். 20 சதவீதம் தண்ணீரைச் சேமித்ததாக அறிக்கை சொல்லும், ஆனால் போர்வெல்லில் ஒரு குடம்கூட மிச்சமாகவில்லை. ஒரு டன் செனெக்ஸுக்கு எத்தனை கிலோலிட்டர் என்ற வரியைத் தேடுங்கள். பிஆர்எஸ்ஆரில் உற்பத்தி அளவுக்கான வரியாகவும், படிவம் 5-இல் ஒரு டன் பொருளுக்கான வரியாகவும் அது இருக்கும். நம் ஆலைக்கு 36-ஐ 11-ஆல் வகுத்தால் 3.3. விலை ஏறினாலும் இறங்கினாலும், கழுவும் தண்ணீரைக் குறைக்காமல் அந்த எண் நகராது.